காரணம் எடுத்துக்கொடுத்தவர்

புடவை எடுக்க வருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன பேசினாலும் "சரிக்கா, சரிக்கா" என்று தலை ஆடிக்கொண்டிருக்கும். கண் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, விரிப்பின் மேல் அலைகிற கைகளோடு போய்ப் போய் வரும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் இருந்த ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு அவர் பொறுப்பு. தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நாமும் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் தட்டுகள், அதில் சாய்ந்து ஒரு மர ஏணி. பக்கத்து ஆளிடம் அவர் தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் ஏதோ விறுவிறுவென்று சொல்வார். எங்களிடம் திரும்பினால் அச்சு அசல் மதுரைக்காரர். பெயர் கடைசிவரை தெரியாது. அவர் அம்மாவை அக்கா என்பார். அம்மா அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது முடிவாகவே இல்லை.

எழுபதுகளில் வருடத்துக்கு இரண்டு முறையாவது அம்மாவோடு அங்கே போயிருப்பேன். கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அம்மா வாயைக் கிளறினாள்.

"எப்படிண்ணே, நான் எதை எடுப்பேன்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுது?"

"இதுல என்னக்கா இருக்கு. புடவையை எடுக்குறது கைதான். அது வந்த கொஞ்ச நேரத்துல எடுத்து முடிச்சுரும். ஆனா வாய் ஒத்துக்கிராது. வீட்டுல போயி என்ன சொல்றதுன்னு அது முழிக்கும். அதுக்கு ஒரு காரணம் வேணும். அதைத்தான் நான் எடுத்துக் குடுக்குறேன். மொதலாளி எனக்குச் சம்பளம் குடுக்குறது அதுக்குத்தான்."

"அப்ப நீங்க சொல்ற காரணம் பூராம் பொய்யா?"

"பொய் சொல்ல மாட்டேங்க்கா. எந்தப் புடவைக்கும் நெசமான காரணம் நாலஞ்சு இருக்கும். யாருக்கு எதைச் சொல்லணும்ங்கிறதுதான் சங்கதி."

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த என் கையைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் அது என்னவெல்லாம் செய்துகொண்டிருக்கிறதோ என்று ஒரு கூச்சம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போனால் கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொள்வேன்.

ஒருமுறை அவரைச் சோதிக்கவும் செய்தேன். கல்லூரியில் சேர்ந்த புதிது, குறும்புக்குக் குறைவில்லை. எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு பழுப்பு நிறப் புடவையை வேண்டுமென்றே தடவிக்கொடுத்தபடி இருந்தேன். அவர் அதைச் சட்டை செய்யாமல் அடுத்ததைப் பிரித்தார். "பாப்பா, ஆசைப்பட்டுத் தொட்டா விரல் மடங்கும். நீ பலகையில கை வச்ச மாதிரி வச்சிருக்க" என்றார். முகத்தைப் பார்க்காமலேதான் இதையும் சொன்னார். ஜோசியக்காரர்கள் சொன்னது பலித்தபோதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த, வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரியையும் அவர் மனைவியையும் மறக்க முடியாது. அந்த அம்மாளின் கை நீலப்பட்டு ஒன்றில் போய் விழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கணவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீலம் நம்ம வீட்டுக்கு ஆகாது. போன தடவை நீலம் எடுத்தப்பத்தான் மாடு செத்துச்சு" என்றார். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த விதத்தைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

"இது நீலம் இல்லைண்ணே" என்றார் நம்மவர். புடவையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். உள்ளிருந்து பச்சை ஓடியது. "மயில் கழுத்துன்னு பேரு. முருகனுக்கு உகந்தது. பழனிக்குப் போறவுக தேடி வந்து எடுத்துட்டுப் போவாக."

சம்சாரி புடவையைத் தானும் ஒருமுறை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதையே போடுங்க. நான் சொன்னாத்தான் இவ எடுப்பா" என்றார். அந்த அம்மாளின் கை திரும்பவும் புடவைக்கு வந்துவிட்டது. மயில் கழுத்து என்பது உண்மை. முருகனுக்கு மயில் என்பதும் உண்மை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் அசையாத ஆள் என்று நான் நினைத்திருந்தது என் அப்பாவைத்தான். கலெக்டர் ஆபீசில் வேலை. கே.கே. நகரில் நாங்கள் குடியேறிய வீட்டையே, தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ், காற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிப் பார்த்துத்தான் அப்பா முடிவு செய்தார். ஒரு மின்விசிறி வாங்க அவர் யோசித்து முடிப்பதற்குள் வெயில் காலமே போய்விட்டது. "தோணுது கீணுதுன்னு எங்கிட்ட வராதீங்க, காரணம் சொல்லுங்க" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற வசனம்.

அம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், அப்பா தனியாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். நல்லதாக, மலிவாக, நாள்பட உழைக்கிற மாதிரி ஒரு புடவை வேண்டும் என்று கேட்டவர், வாங்கி வந்தது சந்தன நிறத்தில் பூப்போன்ற ஒரு பட்டு. ஒரு சொட்டுக் காபி பட்டால் தீர்ந்தது. அம்மா அதைப் பிரித்து மடியில் போட்டுப் பார்த்தாள்.

"கரை ரொம்ப அழுத்தமாம். கரை அழுத்தமா இருந்தாத்தான் புடவை நாள்பட உழைக்குமாம். அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னாரு" என்றார் அப்பா. சொல்லும்போது விரலை மடக்கவில்லை. அம்மா உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது, "உங்க வீட்டு அண்ணன் கை அந்தச் சந்தனத்தை விட்டு எந்திரிக்கவே இல்லைக்கா. ஆஸ்பத்திரியில கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னவுக கை அப்படித்தான் இருக்கும்" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நின்றார். அது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். டெலிபோன் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பாவின் அக்கா, என் அத்தை, கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் பேங்க் உத்தியோகம். சொந்த வீடு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நான் வேலைக்குப் போவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. எங்களால் முடிந்ததைச் செய்தால் போதும் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, தலையில் பூவைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஒரு கையில் விரல் போதாமல் அப்பா அடுத்த கைக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அவர்கள் வந்துபோனதிலிருந்து அடிவயிற்றில் ஒரு பாரம். ஏன் என்று என்னையே கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு யாரையும் நான் மனதில் வைத்திருக்கவும் இல்லை. அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, இது வேணாமோன்னு தோணுதுப்பா."

"என்ன காரணம்?"

"காரணம் தெரியலைப்பா."

"தோணுறதெல்லாம் ஒரு காரணமாம்மா? நீ படிச்ச பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. என் பக்கம் மடக்குவதற்கு ஒரு விரல்கூட இல்லை. சரி என்றேன். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். அப்பா, அம்மா, நான், மாப்பிள்ளையின் அம்மா, அவர் மகள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கடை திறந்ததும் முதல் ஆட்களாகப் போய் உட்கார்ந்தோம். புடவை எடுத்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்குவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வெறுங்கையோடு கடையை விட்டு எழுந்தாலோ, சகுனம் சரியில்லை என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

அவர் முதலில் ஓர் அரக்கு நிறப் புடவையை விரித்தார்.

"நல்லாருக்கு" என்றேன்.

பச்சையை விரித்தார். அதுவும் நன்றாக இருக்கிறது என்றேன். மாம்பழ மஞ்சளை விரித்தார். அதற்கும் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தங்கமான பொண்ணு. எதைக் காட்டுனாலும் நல்லாருக்குங்குது. எங்க வீட்டுப் பொண்ணுகளோட வந்தா பொழுதே சாஞ்சுரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

நம்மவர் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தன. எத்தனையோ புடவைகள் முன்னால் கிடந்தும் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பாப்பா, வேணாம்னு ஒண்ணையாவது தள்ளிவிடும்மா. அப்பத்தான் எனக்கு வழி தெரியும்" என்றார் மெதுவாக.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றேன். தள்ளுவதற்குக் கை வரவில்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஏணியில் ஏறினார்.

அவர் ஏணியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. மேல் தட்டுச் சரக்கு வேண்டுமென்றால் ஆள் ஏறும், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டுவார். அன்று தானே ஏறி, ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் பார்த்து, மூடி வைத்து, அடுத்த தட்டுக்குப் போனார். கண் இமைப்பதற்குள் புடவையை விரித்து மடிக்கிறவருக்கு அன்று முடிச்சு அவிழ்க்கவே நேரமானது. மேலிருந்தபடியே மாப்பிள்ளை நிறமா மாநிறமா, கல்யாணம் மண்டபத்திலா கோயிலிலா என்று விசாரித்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குவார். காட்டிவிட்டு, "இதைவிட ஒண்ணு மேல இருக்கு" என்று திரும்ப ஏறுவார்.

"நேரம் ஆகுதுங்க" என்றார் அப்பா.

"இந்தா வந்துட்டேண்ணே."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பொறுமை போயிற்று. "முதல்ல காட்டுன அரக்கையே போட்டுருங்க" என்றார்.

அவர் இறங்கி வந்து அரக்கைப் பிரித்து, கரையோரம் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு இழை ஓடியிருக்கும்மா. வேற எதுக்கும்னா பரவாயில்லை. முகூர்த்தத்துக்கு மனசு சங்கடமாப் போகும்." குனிந்து பார்த்தோம். நூல் அளவுக்கு ஏதோ இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த இடம் அடி மடிப்புக்குள் போயிருக்கும்.

அவர் மறுபடியும் ஏணியில் இருந்தபோது கடிகாரம் அடித்தது. பத்தரை. அவர் கையிலிருந்த பெட்டியை அப்படியே தட்டில் வைத்தார்.

"ராகுகாலம் பொறந்துருச்சும்மா. இனிமே எடுக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான், நல்லதாக் குடுக்கணும்னு தேடி நேரத்தை விட்டுட்டேன். இன்னொரு நல்ல நாள் பார்த்து வாங்க. எடுத்து வச்சிருக்கேன்."

வெறுங்கையோடு எழுந்தோம், ஆனால் சகுனத்தின் மேல் பழி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. பழியை அவர் தன் மேல் போட்டுக்கொண்டு, நாங்கள் எல்லோரும் வீட்டில் போய்ச் சொல்வதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, கல்லாவில் முதலாளி அவரைக் கடிந்துகொள்வது காதில் விழுந்தது. "ராகுகாலத்துல எடுத்துட்டுப் போயி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கடைக்குல்ல மொதலாளி கெட்ட பேரு" என்றார் நம்மவர். முதலாளிக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அம்மா கடைசி ஆளாக வெளியே வந்தாள். அவளிடம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "அக்கா, பிள்ளை ஒரு புடவையைக்கூடத் தள்ளலை."

அம்மா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குக் கூட்டிப்போய், "எந்தப் புடவைடி பிடிச்சுச்சு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனாள்.

"இந்தச் சம்பந்தம் வேணாம்ங்க."

"என்ன விளையாடுறியா? என்ன காரணம்?"

"காரணம் பின்னாடி வரும்ங்க. நீங்க அந்தச் சந்தனப் புடவையை என்ன காரணத்துக்கு எடுத்தீங்க?"

அப்பா மடக்கத் தயாராக இருந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஆரப்பாளையத்துக்குப் போய்த் திண்டுக்கல் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தை அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. "அவங்க காரணம் கேட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். "கேட்டாங்க. பிள்ளைக்குத் தோணலைன்னு சொன்னேன்" என்றார் அப்பா. வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அன்றுதான்.

அந்த மாப்பிள்ளை பின்னால் மோசமானவராகி, நான் தப்பித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில வருடம் கழித்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவரை மனைவி, குழந்தையோடு பார்த்தேன். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மனைவிக்கு வெள்ளரிப்பிஞ்சு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். நல்ல மனிதர். அம்மா சொன்ன அந்தக் காரணம் எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்தபோது அடிவயிற்றில் பாரம் எதுவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் நானே பார்த்து, நானே சரி என்று சொன்ன ஒருவருக்காக முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். அதே கடை, அதே மெத்தை. அவருக்கு மீசை நரைத்திருந்தது. அன்று நான் அவரைப் படுத்தி எடுத்துவிட்டேன். இது வேணாம், கரை சரியில்லை, இது ரொம்பப் பளபளப்பு என்று விரிக்க விரிக்கத் தள்ளினேன். கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். நம்மவரோ "தள்ளும்மா, நல்லாத் தள்ளு" என்று பாயசம் சாப்பிடுகிறவர் மாதிரி விரித்துக்கொண்டே போனார்.

மற்றவர்கள் அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்கு வேட்டி பார்க்கப் போன நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் ஏணியில ஏறுனீங்க?"

அவர் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியலைம்மா. நானும் எம்புட்டோ நாள் யோசிச்சுப் பார்த்துட்டேன். பெரிய வியாபாரம். மொதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தா நான் பிள்ளை குட்டியோட எங்க போயி நிப்பேன்? ஏறாத, ஏறாதன்னுதான் புத்தி சொல்லுச்சு. அதுக்குள்ள கால் ஏறிருச்சு."

"ஒரு காரணம்கூடவா இல்லை?"

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன். எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சலை" என்று சிரித்தார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் நீர் கட்டியிருந்தது. என் வாழ்க்கையை எந்த நியாயமும் கேட்காமல் காப்பாற்றிவிட்டு, பட்டுக்கு நடுவில் சாதாரணமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே இந்த மனிதர் என்று மலைப்பாக இருந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கையைத் தூக்கப் போனபோதுதான் கவனித்தேன். என் வலது கை கத்திரிப்பூ நிறப் புடவை ஒன்றின் மேல் இருந்தது. விரல்கள் மடங்கி அதைப் பிடித்திருந்தன. எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கத்திரிப்பூ நிறத்தில் யாராவது முகூர்த்தப் புடவை எடுப்பார்களா என்று அப்பா கேட்பார், அதற்கு அவர் என்ன காரணம் எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பில்லு போட்டுறவாம்மா?" என்று மட்டும் கேட்டார்.